பரலில் நிற்காத எஞ்சின்

என் தொழிலில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. திருகோணமலையில் படகுக்குப் பின்னால் பூட்டும் எஞ்சின் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது என் பட்டறைக்கு வந்திருப்பார்கள். மற்றப் பாதிப்பேருக்கும் வரவேண்டிய காலம் வரும்.

பட்டறை உட்துறைமுகத்துக்கு இறங்கும் வழியில் இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், வாசலில் தண்ணீர் நிரப்பிய நீலப் பரல், ஆள் இறங்கி நிற்கக்கூடிய பீப்பாய். கொண்டுவரும் எஞ்சினைப் பரலின் விளிம்பில் பூட்டி, என்னுடைய பெற்றோல் தாங்கியின் குழாயைச் செருகி, கயிற்றை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பிளக்கில் பிழையா, காபரேட்டரில் பிழையா, உள்ளே எங்காவது தேய்ந்துவிட்டதா என்று சத்தமே சொல்லிவிடும். எஞ்சின் கதைத்தால் போதும், அதைச் சுமந்துவந்தவர் கதைக்கத் தேவையில்லை என்பது என் கொள்கை. வாடிக்கையாளர்கள் பாதி வசனத்தில் இருக்கும்போதே நான் திருகாணிச் சாவியை எடுத்துவிடுவேன். அதைக் கெட்டித்தனம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வந்தார். முஸ்லிம்களில் மூத்தவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சாரம். கொட்டியாரக்குடாவில் மருமகனோடு சேர்ந்து தூண்டில் போடுபவர். அவருடைய எட்டுக் குதிரை வலு எஞ்சினுக்கு வருடாந்தச் சேவிஸ் செய்து நான் கொடுத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. இப்போது அதே எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல முதலில் என் வீட்டாரின் சுகம் விசாரித்தார். பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

“எஞ்சின் நிக்குது, தம்பி.”

நான் செய்துகொடுத்த எஞ்சின் இரண்டு கிழமையில் நிற்கிறது என்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.

“எப்ப நிக்குது?”

“கொஞ்ச நேரம் நல்லா ஓடும். பிறகு மெல்ல மெல்லச் சத்தம் குறைஞ்சு நிக்கும். அந்த நேரம் பெற்றோல் வாற குழாயில பாத்தா...”

“காபரேட்டர்,” என்றேன்.

நான் காபரேட்டரைக் கழற்றினேன். உள்ளே தூசு கொஞ்சம் இருந்தது. எந்தக் காபரேட்டரைக் கழற்றினாலும் அவ்வளவு தூசு இருக்கும். கழுவிப் பூட்டிப் பரலில் ஓடவிட்டேன். தேன் மாதிரி ஓடியது. நானா நன்றி சொல்லிவிட்டு எஞ்சினைக் கொண்டுபோனார்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். சுகம் விசாரித்தார். எஞ்சின் நிற்கிறது என்றார். இந்தமுறை பெற்றோல் பம்பைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய தோலை மாற்றினேன். பிளக் இரண்டையும் புதிதாகப் போட்டேன். பரலில் ஓடவிட்டேன். நிற்கவே இல்லை. அவர் எதையோ சொல்ல வாயெடுத்ததும், “இனி நிக்காது நானா, போங்க,” என்று நான் அனுப்பிவைத்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் முறை அவர் வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு எஞ்சினில் ஒரு ஆணியைக்கூட நான் தொடவில்லை. பரலில் பூட்டி, ஓடவிட்டு, “வாங்க, தேத்தண்ணி குடிப்பம்,” என்று எதிர்க் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் படகுக்காரர்கள், அதில் இரண்டு பேர் கிண்ணியா ஆட்கள். ஒரு மணித்தியாலம் இருந்தோம். வீதியின் அந்தப் பக்கம் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“கேக்குதா நானா? எஞ்சினில ஒண்டுமில்ல. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். வயது போனா கையும் கொஞ்சம் பிழை விடும்தானே.”

கடை முழுக்கச் சிரித்தது. நானாவும் சிரித்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய், எஞ்சினைத் தானே கழற்றி, தோளில் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடிக்கப் போனார். பகிடி நன்றாக எடுபட்டது என்று எனக்குச் சந்தோசம்.

கிண்ணியாப் பாலத்தை எஞ்சின் ஓட்டோவில் கடந்தது, என் வாய்க்கொழுப்பு அதற்கு முன்னமே கடந்துவிட்டது.

நாலைந்து நாள் கழித்து நானாவின் மருமகன் தனியாக வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். எஞ்சின் கொண்டுவரவில்லை. நான் காட்டிய கதிரையில் உட்காரவும் இல்லை.

“பாஸ், நீங்க சொன்னது மெய்யா?” என்று கேட்டார்.

“என்னத்த?”

“எஞ்சின் நல்லா இருக்கு, மாமாவுக்குத்தான் ஏலாமப் போயிட்டு எண்டு.”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். முந்தாநாள் அவர்கள் கலங்கரை வெளிச்சவீட்டுப் பக்கம் போயிருக்கிறார்கள். கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரும் வழியில் எஞ்சின் நின்றிருக்கிறது. பெரிய கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் துடுப்புப் போட்டுத்தான் விலகியிருக்கிறார்கள்.

“கப்பல்காரன் ஊதி ஊதி வாறான், பாஸ். நாப்பது நாள் பிள்ள ஒண்டு இருக்கு எனக்கு. நான் இனி மாமாவோட போறல்ல எண்டுட்டன். வீட்டில எல்லாரும் கதைச்சு முடிச்சிட்டம். அவர் இனிக் கடலுக்குப் போகத் தேவையில்ல. ஆனா நாங்க சொன்னா அவர் கேக்க மாட்டார். நீங்க சொன்னாக் கேப்பார். எஞ்சின் தெரிஞ்ச ஆள் நீங்க. வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்க.”

எஞ்சின் தெரிந்த ஆள் என்றதும் முதலில் என் மனம் குளிர்ந்தது, அதை ஒளிக்கவில்லை. அடுத்த நிமிடம்தான் விசயம் விளங்கியது. தேத்தண்ணிக் கடையில் சிரிப்புக்காகச் சொன்ன ஒரு சொல்லை இவர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதனைக் கரையில் உட்காரவைக்கப் போகிறார்கள். அந்தத் தீர்ப்பை வாசிக்க என்னையே கூப்பிடுகிறார்கள்.

“நாளைக்கு விடிய வாறன். அவரோட ஒருக்காக் கடலுக்குப் போய்ப் பார்த்திட்டுச் சொல்லுறன்,” என்றேன்.

நல்லெண்ணத்தோடு போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் போனது அவருடைய பிழையைக் கண்ணால் பார்த்துவிட்டு, மனச்சாட்சிக்குக் குத்தாமல் அந்தச் சொல்லைச் சொல்லத்தான். என் பரலும் என் காதும் பிழை விடும் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கிண்ணியா இறங்குதுறையில் நானா தயாராக நின்றார். ஏன் வந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். சுகம் விசாரித்தார். மிதவை அங்கியை எடுத்துத் தூசு தட்டி, என்னைப் போடச் சொல்லி, வார் இறுகியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். மருமகன் கரையில் நின்றுகொண்டார்.

கடல் அன்றைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது. வாடைக்காற்று தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. நான் முன்பக்கம் உட்கார்ந்து, பரீட்சை மண்டபத்தில் நிற்கும் வாத்தியாரைப்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினை இறக்கினார். இரண்டே இழுவையில் பற்றவைத்தார். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பின்னால் பீச்சுகிறதா என்று திரும்பிப் பார்த்தார். சூடாகும்வரை மெல்ல விட்டு, பிறகுதான் வேகம் கொடுத்தார். வேறொரு படகு கிளப்பிய அலைத்தடம் குறுக்கே வந்தபோது வேகத்தைக் குறைத்து, படகின் மூக்கைச் சரித்து, என்மேல் ஒரு சொட்டு விழாமல் கடந்தார். என்னிடம் வரும் இளைஞர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படி ஓட்ட மாட்டார்கள். பிழை பிடிக்கப் போன எனக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை, அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

இருபது நிமிடம் ஓடியிருப்போம். சத்தம் மெலிந்தது. எஞ்சின் இரண்டுமுறை இருமிவிட்டு நின்றது.

நானா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்கதானே,” என்றார். அவ்வளவுதான். என் பகிடிக்குத் திருப்பிக் கொடுக்க நல்ல சந்தர்ப்பம் அது, அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பின்பக்கம் தாவினேன். தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், பெற்றோலை ஏற்றக் கையால் அமுக்குவது. ஓடுகிற எஞ்சினில் அது உருண்டு திரண்டு இருக்கவேண்டும். நான் தொட்டபோது அது சப்பையாக ஒட்டிக் கிடந்தது. பெற்றோல் வரவில்லை. எஞ்சின் உறிஞ்சு உறிஞ்சு என்று உறிஞ்சியும் தாங்கி கொடுக்கவில்லை.

“இது எப்பவும் இப்பிடித்தான் கிடக்குமா?”

“ஓம். நிக்கிற நேரமெல்லாம் இப்பிடித்தான். முதல் நாளே சொல்ல வந்தனான். நீங்க காபரேட்டர் எண்டு சொல்லிட்டீங்க.”

அந்த ஒரு வசனத்தை அன்றைக்கு நான் முடிக்கவிட்டிருந்தால், கதை அன்றைக்கே முடிந்திருக்கும். தாங்கியின் மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே ரப்பர் உருண்டை மெல்ல ஊதி எழும்பியது.

தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியே போகவேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அது அடைபட்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மூச்சு முட்டி நிற்கும். நின்றவுடன் எவரும் என்ன செய்வார்? பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். திறந்ததும் காற்றுப் போகும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். நானாவும் ஒவ்வொருமுறையும் அதையே செய்து, நோயைத் தெரியாமலே குணமாக்கி, மூடியை இறுக்கி மறுபடியும் நோயாக்கிக்கொண்டிருந்தார். என் பட்டறையில் எத்தனை மணித்தியாலம் ஓடவிட்டாலும் நோய் தெரியாது. அங்கே நான் பூட்டுவது என் தாங்கியை. அவர் மூன்றுமுறையும் எஞ்சினை மட்டும்தான் சுமந்துவந்தார், அவருடைய தாங்கி கிண்ணியாவில் படகுக்குள்ளேயே கிடந்தது. தாங்கியைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்டதே இல்லை.

மூடியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். துளைக்குள் என்னவோ இறுகிக் கிடந்தது. நானாவின் தூண்டில் முள் ஒன்றை வாங்கி நுனியால் குடைந்தேன். உதிர்ந்த பொடி என் நகத்தில் விழுந்தது. மஞ்சள். அதற்குள் ஒரு பொட்டுச் சிவப்பு.

அது சந்தனமும் குங்குமமும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூசை அன்று என் பட்டறையில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவேன். சுத்தியல், அரம், பரல், திருத்த வந்த எஞ்சின்கள், அவற்றோடு வந்த தாங்கிகள். எது யாருடையது என்று பார்ப்பதில்லை. அந்த நாளில் என் கூரைக்குக் கீழே இருப்பதெல்லாம் என் பொருள் என்றுதான் எனக்கு நினைப்பு. நானாவின் எஞ்சினும் தாங்கியும் சேவிஸுக்கு வந்து அந்தக் கிழமை அங்கேதான் கிடந்தன. தாங்கிக்கு எங்கே பொட்டு வைப்பது? மூடியின் நட்டநடுவில், அழகாக, துளைக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால் மூடியின் மேற்பக்கம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. நான் நானாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துடைச்சது நான்தான், தம்பி,” என்றார். “வீட்ட கொண்டுபோய் ஈரத்துணியால நல்லா அமத்தித் துடைச்சனான். நீங்க அன்பா வெச்சது எண்டு தெரியும். ஆனா எங்கட முறையில அது இல்ல. உங்களுக்கிட்டச் சொன்னா மனம் நோவீங்க எண்டு சொல்லல்ல. துளைக்குள்ள போய் இறுகும் எண்டு நான் கண்டனா?”

“கேட்காம வெச்சது என்ர பிழை, நானா.”

“வெச்சதில பிழையில்ல. சொல்லாம விட்டது என்ர பிழை.”

அவர் என் மனம் நோகக்கூடாது என்று ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டவர். நான் ஆறேழு பேருக்கு முன்னால் அவருடைய கை பிழை விடுகிறது என்று சொன்னவன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, முழுக்க என்மேல். இருபத்தெட்டு வருடத் தொழில் அறிவை அந்த இடத்திலேயே கொட்டியாரக்குடாவுக்குள் எறிந்துவிடலாம்போல இருந்தது. பிறகு, எறிந்தால் எஞ்சினை யார் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

துளையைச் சுத்தமாக்கி, வாயால் ஊதிப் பார்த்து, மூடியைப் பூட்டினேன். “வெளிச்சவீட்டடிக்கு விடுங்க,” என்றேன். விட்டார். போய்த் திரும்பினோம். கப்பல் வழியைக் குறுக்கே கடந்தோம், வேகமாகவும் மெதுவாகவும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. ரப்பர் உருண்டை கொழுகொழுவென்று கிடந்தது. எஞ்சினின் நல்ல சத்தத்தை நான் அன்றைக்குப்போல வேறு எந்த நாளும் கண் திறந்துகொண்டு கேட்டதில்லை.

துறை தெரியத் தொடங்கியதும் நானா வேகத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, கரையில போய்ச் சந்தனக் கதையை எடுக்க வேணாம். சனம் ஒண்டை ஒம்பதாக்கும். உங்களுக்கும் சரியில்ல. மூடித் துளை அடைச்சிருந்திச்சு எண்டு மட்டும் சொல்லுங்க, போதும்.”

எனக்காகத்தான் அதைச் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். துளை அடைத்திருந்தது என்று மட்டும் சொன்னால், ஒரு மூடித் துளையைக்கூடப் பார்த்து வைத்திருக்கத் தெரியாத கிழவர் என்று வீட்டில் பேச்சு முடியும். என் பகிடி மெய்யாகிவிடும். மருமகன் கரையிலேயே நிற்பார், நானா இன்னும் ஒரு கிழமையில் வாசல் கதிரையில் உட்கார்ந்திருப்பார்.

இறங்குதுறையில் மருமகன் காத்துக்கொண்டு நின்றார். வலை உதறிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். படகிலிருந்து இறங்காமல், நின்றபடியே சொன்னேன்.

“எல்லாரும் கேளுங்கோ. நானாவின்ர கையில ஒரு பிழையும் இல்ல. இவ்வளவு நேரம் பார்த்திட்டுத்தான் சொல்லுறன். ஆயுத பூசைக்கு அவரிட்டக் கேட்காம அவர்ர தாங்கி மூடியில சந்தனம் வெச்சது நான். அது காத்துப்போற துளையை அடைச்சிட்டுது. மூண்டு தரம் வந்து அவர் சொல்லச் சொல்லக் கேக்காததும் நான். கடையில வெச்சு அவரைப் பகிடி பண்ணினதும் நான். எஞ்சின் தெரிஞ்ச ஆளெண்டு இனி என்னைச் சொல்லுறதெண்டால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.”

வலைக்காரர் ஒருவர் சிரிக்கத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“துடைச்சு உள்ளுக்குத் தள்ளினது நான்,” என்றார் நானா பின்னாலிருந்து. அவருக்கு எதையும் தனியாக என் தலையில் விடமுடியாது.

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்தார். கயிற்றைக் கட்டையில் சுற்றி முடித்து, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நாளைக்கு எத்தின மணிக்கு, மாமா?”

நானா தாங்கியைத் தூக்கிப் படகின் முன்பக்க அணியத்தில் வைத்து, மூடியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

“நான் விடியச் சுபஹு தொழுதிட்டு வெளிக்கிடுவன்,” என்றார். “உனக்குப் பயமெண்டா நில்லு மகன். பிள்ளக்காரன் நீ. நான் தனியப் போவன்.”

“தனியப் போகத் தேவையில்ல,” என்றார் மருமகன். “நான் வாறன்.”